முன் மரம் வெட்டின லீ-என்ஃபீல்ட் ஆமி துவக்கை திருப்பி பழையபடி ஆக்கலாமோ?

கேள்வி:
வணக்கம் அண்ணைமார், போன மாசம் ஒரு .303 லீ-என்ஃபீல்ட் வாங்கினனான், நம்பர் 4 மார்க் 1 ஸ்டார், இடப்பக்கத்தில லாங் பிராஞ்ச் (கனடாவில இதைச் செய்த ஃபேக்டரி) 1943 எண்டு அடிச்சிருக்கு. முன்னம் வைச்சிருந்த ஆள் மான் வேட்டைக்கு பாரம் குறைக்க எண்டு முன் மரத்தை பாதியில அறுத்துப்போட்டார், மேல் மூடி மரம் ரெண்டும் இல்லை, மரத்தை பரலோட (குழாயோட) சேத்துப் பிடிக்கிற பேண்டும் இல்லை, தோளில வைக்கிற பட் மட்டும் நல்லாயிருக்கு. ஆமிக்கு குடுத்த மாதிரியே திருப்பி கட்ட ஆசை. வேலைக்கு போகேக்க லேக்ஷோர் ரோட்டில அந்த பழைய ஃபேக்டரி கட்டிடத்தை தினமும் பாக்கிறனான், அதால ஒரு இது. மரம் புதுசு வாங்கிறதோ பழசு தேடுறதோ? போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டுற துண்டு) நம்பரும் ரிசீவர் (அது ஓடுற நடு இரும்பு) நம்பரும் வேற வேற, அது பிரச்சினையோ?

பதில்:
தம்பி, காசு செலவழிக்க முன்னம் பரல் முனையை பாரும். ரெண்டு சின்னக் காது மாதிரி துருத்திக்கொண்டு நிக்கோணும், பயனெட் (முனைக் கத்தி) மாட்டுற இடம். அது இல்லையெண்டா பரலையும் அறுத்துப்போட்டாங்கள், பேசாம வேட்டைத் துவக்காவே வைச்சிரும். காது இருந்தா பழைய ஆமி மரம் தேடும். எந்த மரமெண்டாலும் பின்பக்கம் ரிசீவரோட முட்டுற ரெண்டு இடமும் இறுக்கமா குந்தோணும், வெடி வைக்கேக்க உதையை அந்த இடம்தான் தாங்குது, லூசெண்டா மரம் பிளந்திடும். நான் மனிசியின்ர லிப்ஸ்டிக்கை இரும்பில பூசி, மரத்தை இறுக்கி, கழட்டி, சிவப்பு பட்ட இடத்தை மட்டும் சுரண்டி, திருப்பி இறுக்கி, ரெண்டு சனி ஞாயிறு அதிலயே போச்சு. முனையில பரலை விரலால தூக்கி விட்டா டக்கெண்டு திரும்பி மரத்தில குந்தோணும், அப்பதான் சரி.

பதில்:
போல்ட் நம்பர் சேரலைன்னா சுடுறதுக்கு முன்னாடி கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) குடுத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டுக்கும் தோட்டா உக்கார்ற இடத்துக்கும் உள்ள இடைவெளி, கேஜ் போட்டு பாத்துடுங்க ப்ரோ. நம்பர் 4க்கு போல்ட் ஹெட் (போல்ட்டோட முன் துண்டு) 0ல இருந்து 3 வரைக்கும் சைஸ் இருக்கு, எது சேரும்னு அவர் பாத்துக்குவார், வீடியோ பாத்து நீங்களே மாத்தாதீங்க. பட்டுக்கு சாண்ட்பேப்பர் போட்றாதீங்க, முத்திரை எல்லாம் போயிடும். வார்னிஷும் வேணாம், லின்சீட் ஆயில் போதும், ஆனா எண்ணெய்த் துணியை சுருட்டி மூலையில போடாதீங்க, தானா பத்திக்கும். கலர் ஒத்துப்போகலன்னும் கவலை வேணாம், லாங் பிராஞ்ச்லயே வால்நட், பிர்ச், மேப்பிள்னு கலந்துதான் போட்டாங்க. பார்ட்ஸுக்கு மட்டும் பொறுமை வேணும், கனடா ஆர்மியோட வடக்கு காவல் படையான கனடியன் ரேஞ்சர்ஸே 1947ல இருந்து இதை வச்சிருந்துட்டு ஸ்பேர் கிடைக்கறது கஷ்டமாகித்தான் புது ரைஃபிளுக்கு மாறினாங்க.

பதில்:
குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும், 80 வருச துவக்குத்தானே, ஆன்டிக் எண்டு லைசென்ஸ் இல்லாமலே வைச்சிருக்கலாமோ?

பதில்:
ஏலாது. இஞ்ச கனடா சட்டப்படி ஆன்டிக் எண்டா 1898க்கு முன்னம் செய்ததா இருக்கோணும், அதுக்குள்ளயும் எல்லாம் சேராது. இது சாதாரண துவக்கு கணக்குத்தான்.

கேள்வி கேட்டவர்:
லைசென்ஸ் இருக்கு, பயப்பிடாதேங்கோ. இப்பதான் டோர்ச் அடிச்சு பாத்தனான், காது ரெண்டும் இருக்கு அண்ணை!! போல்ட்டை சனிக்கிழமை கன்ஸ்மித்திட்ட கொண்டு போறன். லிப்ஸ்டிக்தான் எப்பிடி கேக்கிறதெண்டு தெரியேல்ல.