வெளிநாட்டுக் காசில் ஓடும் பத்திரிகை சுதந்திரமானதா?

கரிச்சான்:
2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு கையெழுத்துப் போட்டு வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தினார். பல நாடுகளில் செய்தி நிறுவனங்கள் அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழி தெரியாமல் நின்றன. அந்த ஆண்டு சுதந்திர ஊடகங்களுக்கென்று அமெரிக்கா ஒதுக்கியிருந்தது சுமார் 26.8 கோடி டாலர். வாஷிங்டனில் ஒருவர் பேனாவை எடுத்தால் உக்ரைன் தலைநகர் கீவில் செய்தி நிறுவனம் தள்ளாடுகிறது என்றால், அதில் சுதந்திரம் எங்கே இருக்கிறது?

நெய்தல்:
கேள்வி நியாயம்தான். ஆனால் மாற்று என்ன? உக்ரைனில் பத்தில் ஒன்பது செய்தி நிறுவனங்கள் மானியத்தில்தான் ஓடுகின்றன என்று 2025இல் சொன்னது 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு. ஏவுகணை விழுகிற ஊரில் விளம்பரம் யார் கொடுப்பார்கள்? போருக்கு முன்பு பெரிய தொலைக்காட்சிகளை வைத்திருந்தது கோடீஸ்வரர்கள். அந்தச் சுதந்திரம் பரவாயில்லையா?

கரிச்சான்:
கோடீஸ்வரர் கெட்டவர் என்பதால் அரசாங்கம் நல்லதாகிவிடுமா? ஓசிசிஆர்பி என்ற புலனாய்வுச் செய்தியாளர் அமைப்பையே பாருங்கள். அதன் பணத்தில் ஏறக்குறைய பாதி அமெரிக்க அரசிடமிருந்து வந்தது, முக்கியப் பதவி நியமனங்களைத் தடுக்கும் உரிமையும் அந்த அரசுக்கு இருந்தது என்று 2024 டிசம்பரில் பிரான்சின் மீடியாபார் உள்ளிட்ட ஊடகங்கள் எழுதின. செய்தியில் யாரும் கை வைத்ததில்லை என்று ஓசிசிஆர்பி சொன்னது. சரி, நம்புகிறேன். அப்புறம் ஏன் அமெரிக்கப் பணத்தில் அமெரிக்காவைப் பற்றி விசாரிக்க முடியவில்லை?

நெய்தல்:
அமெரிக்காவைத் துருவ வேறு பணம் இருந்தது, துருவவும் செய்தார்கள். அதோடு, பெரும்புள்ளிகள் வெளிநாடுகளில் பதுக்கிய சொத்தை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்களில் வேலை செய்தவர்கள் அவர்கள். யார் பணம் என்று கேட்கும் ஆர்வத்தில் என்ன எழுதினார்கள் என்று யாரும் படிப்பதில்லை.

ஒற்றைவரி:
வாசகர்களிடம் வாங்குங்கள். பிரச்சினை முடிந்தது.

கணக்கர்:
முடியவில்லை. மெடூசா என்ற ரஷ்யச் செய்தித் தளத்தை 2021 ஏப்ரலில் 'வெளிநாட்டு ஏஜென்ட்' என்று ரஷ்ய அரசு அறிவித்தது. விளம்பரதாரர்கள் ஓடிப்போனார்கள். வாசகர்கள் காசு போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள். 2022இல் போர் வந்ததும் ரஷ்யாவிலிருந்து பணம் அனுப்பும் வழியே அடைபட்டது. பிறகு வெளிநாட்டு வாசகர்களிடம்தான் கையேந்த வேண்டியிருந்தது.

நான் பார்க்கும் சிக்கல் வேறு. நிபந்தனை எழுதும் விதம். பிலிப்பைன்சின் ராப்ளர் செய்தித் தளத்தில் ஒமிட்யார் நெட்வொர்க் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் போட்ட பணத்துக்கான பத்திரத்தில், நிறுவனத்தின் அடிப்படை விதிகளை மாற்றுமுன் பத்திரம் வைத்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும் என்றொரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 'இது வெளிநாட்டுக் கட்டுப்பாடு' என்று 2018 ஜனவரியில் பங்குச்சந்தை ஆணையம் ராப்ளரின் உரிமத்தை ரத்து செய்தது. ஒமிட்யார் தன் பத்திரங்களை ராப்ளர் மேலாளர்களுக்கே தானமாகக் கொடுத்தது. அப்படியும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கியெறிய 2024 ஆனது. எதிரி கையில் கத்தியைக் கொடுத்தது பணமல்ல, அந்த வரி.

கரிச்சான்:
ஆக என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். ஜார்ஜியா நாட்டில், வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஊடகங்களும் தொண்டு நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். வெளிப்படைத்தன்மையை ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள்?

நெய்தல்:
வெறும் பதிவா? 'அந்நிய சக்தியின் நலன்களைப் பின்பற்றுகிறவர்' என்று நெற்றியில் ஒட்டிக்கொள்ளச் சொன்ன பதிவு. 2025 ஏப்ரலில், வெளிநாட்டு மானியம் வாங்கவே அரசின் ஒப்புதல் வேண்டும் என்று அடுத்த சட்டம். அசர்பைஜானில் இன்னும் மோசம். 2023 நவம்பரில் அப்ஸாஸ் மீடியா என்ற புலனாய்வுச் செய்தித் தளத்தின் அலுவலகத்தைச் சோதனை போட்டு, 40,000 யூரோ 'கண்டெடுத்ததாக' போலீஸ் சொன்னது. போலீசே வைத்தது என்கிறார்கள் அவர்கள். அந்தப் பணக் கடத்தல் வழக்கில் செய்தியாளர்களுக்கு 2025 ஜூனில் ஏழரை முதல் ஒன்பது ஆண்டு வரை சிறை. அவர்கள் எழுதியது அதிகாரத்தில் இருப்பவர்களின் ஊழலை. வெளிநாட்டுப் பணமே வாங்காதவர்மீதும் இதே குற்றச்சாட்டு வரும் கரிச்சான், அதற்குச் சான்று தேவையில்லை.

கணக்கர்:
இருவரும் சண்டையை அரசியலில் வைத்திருக்கிறீர்கள். நன்கொடையாளர்களும் திட்டத்துக்குத்தான் காசு தருகிறார்கள்: ஆறு மாதம் காலநிலைச் செய்தி, ஒரு வருடம் பெண்கள் பயிற்சி. வாடகை, வழக்கறிஞர், பாதுகாப்பு, இவற்றுக்குத் தர விருப்பமில்லை. ஐந்து நிருபர்கள் உள்ள இடத்தில் ஒருவர் முழுநேரமும் நன்கொடையாளர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருப்பார், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு படிவம். எந்த உத்தரவும் இல்லாமலே செய்தித் தேர்வு மெல்ல அந்தப் பக்கம் சாயும். கரிச்சான் தேட வேண்டிய தலையீடு அங்கே இருக்கிறது.

கரிச்சான்:
இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நிபந்தனையில்லாத நிதி, எந்த ஒருவரிடமிருந்தும் கால்வாசிக்கு மேல் கூடாது. அதற்கு ஒத்துக்கொண்டால் எனக்குச் சண்டையில்லை.

நெய்தல்:
விதி நன்றாகத்தான் இருக்கிறது. மீதி முக்கால்வாசியைத் தர மூன்று பேரைக் காட்டுங்கள். அமெரிக்கா விட்டுப்போன இடத்தை ஐரோப்பாவே இன்னும் நிரப்பவில்லை.