கேரவன் பயணத்தில் ஹாட்ஸ்பாட் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது: டிவியில் படம் பார்க்க என்ன வழி?

கேள்வி:
வணக்கம். நானும் கணவரும் கேரவனில் நீண்ட பயணத்தில் இருக்கிறோம். மாதம் 50 ஜிபி ஹாட்ஸ்பாட் டேட்டாவைக் கைப்பேசியிலிருந்து ஸ்மார்ட் டிவிக்குப் பகிர்ந்து, இரவில் இரண்டு மணி நேரம் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கிறோம். மாதம் பாதி ஆவதற்குள் டேட்டா முடிந்து வேகம் குறைக்கப்படுவதால், அதன் பிறகு திரையில் வட்டம் சுற்றுவதைத்தான் பார்க்க முடிகிறது. படத்தின் தரம் ‘தானியங்கி’ என்றுதான் இருக்கிறது. பிறகும் ஏன் இவ்வளவு செலவாகிறது?

பதில் 1:
‘தானியங்கி’ என்பது சிக்கனத்துக்கான அமைப்பு அன்று. இணைப்பு தாங்கும் வரை அது தரத்தை உயர்த்திக்கொண்டே போகும். வருவது அளவுள்ள ஹாட்ஸ்பாட்டா, வரம்பற்ற வீட்டு இணைப்பா என்பதெல்லாம் டிவிக்குத் தெரியாது. எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரையிலும், 4கே தரத்தில் 7 ஜிபி வரையிலும் செலவாகும். உலாவியில் உங்கள் நெட்ஃபிளிக்ஸ் கணக்குக்குள் போய், பிளேபேக் அமைப்பில் டேட்டா பயன்பாட்டை ‘நடுத்தரம்’ என்று மாற்றினால் மணிக்கு ஏறத்தாழ 0.7 ஜிபி ஆகும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 42 ஜிபி. இதை ஒவ்வொரு புரொஃபைலிலும் தனித்தனியே மாற்ற வேண்டும்.

பதில் 2:
எல்லாச் செயலிகளிலும் இந்த வசதி இருக்காது என்பதால், ரூட்டரிலேயே டிவிக்கு மட்டும் 1.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1.5 மெகாபிட்) வேக வரம்பு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் முழுவதும் இழுத்தாலும் 0.7 ஜிபியைத் தாண்ட வழியில்லை; தரத்தைச் செயலியே இறக்கிக்கொள்ளும். டிவியின் தானியங்கி மென்பொருள் புதுப்பிப்பையும் நிறுத்திவையுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கணவரின் புரொஃபைலையும் சேர்த்து மாற்றிவிட்டேன். எங்களிடம் தனி ரூட்டர் இல்லை. தங்குமிட வைஃபை மாலையில் ஊர்ந்தாலும் விடியற்காலையில் நன்றாக இருக்கிறது. அப்போது டேப்லெட்டில் தரவிறக்கம் செய்து, இரவில் டிவிக்கு காஸ்ட் செய்யலாமா (கம்பியில்லாமல் டிவி திரையில் ஓடவிடலாமா)?

பதில் 2:
தரவிறக்கம் நல்ல யோசனை. காஸ்ட் செய்வதில்தான் சிக்கல். பெரும்பாலும் டேப்லெட் கட்டளையை மட்டும் அனுப்ப, டிவி அதே படத்தை இணையத்திலிருந்து நேரடியாக இழுக்கும் என்பதால், தரவிறக்கியது பயனற்றுப்போகும். உங்கள் டேப்லெட் காணொளி வெளியீட்டை ஆதரித்தால் எச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள். சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். எனவே வைஃபை உள்ள இடத்தை விட்டுக் கிளம்புமுன் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.