1962 பிஎம்டபிள்யூ ஆர்60/2: எஞ்சினைத் திறக்காமல் ஓட்டலாமா? பெயின்ட் அடிக்கலாமா?

கொட்டில்பைக்:
வணக்கம் நண்பர்களே. பவேரியாவில் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டிலில் பல வருஷமாக நின்ற ஆர்60/2 பைக் கைக்கு வந்திருக்கிறது. மீட்டர் 61,000 கி.மீ. காட்டுகிறது. கிக்கரை மிதித்தால் இரண்டு பக்கமும் கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது, பேட்டரியே இல்லாமல் பிளக்கில் பொறியும் வருகிறது. டேங்கின் கருப்பு மங்கிவிட்டது, பெட்ரோல் மூடியைச் சுற்றி, வருஷக்கணக்கில் சிந்திய இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது, வெள்ளைக் கோடு மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. விற்றவரிடம் ஒரு பகுசா கம்பெனி ரப்பர் சீட்டும், ஹேண்டில் நுனியில் மாட்டும் ஹெல்லா இண்டிகேட்டர் ஜோடியும் இருந்தன, சேர்த்தே வாங்கிவிட்டேன். பக்கத்தில் மாட்டும் ஸ்டைப் கம்பெனி சைடுகார் ஒன்றும் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்கிறார். ஆயில் மாற்றி, கார்புரேட்டர் சுத்தம் பண்ணி ஓட்டிவிடலாமா? முழுசாகப் பெயின்ட் அடிப்பதா, இப்படியே வைத்திருப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிக்ஸ்டார்ட்:
பொறி வருவதில் ஆச்சரியம் இல்லை, இதில் பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ இக்னிஷன், பேட்டரி விளக்குக்கும் ஹார்னுக்கும்தான். ஆனால் தயவுசெய்து இப்போது ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இந்த எஞ்சினில் இப்போதைய வண்டிகளில் இருப்பதுபோல ஆயில் ஃபில்டர் கிடையாது, பம்புக்கு முன்னால் ஒரு கம்பி வலை மட்டும்தான். அழுக்கைப் பிடிக்கிற வேலையை கிராங்க்கின் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இரு பக்கமும் இருக்கிற தகட்டு வட்டுகள், ஸ்லிங்கர் என்பார்கள், அவைதான் செய்கின்றன. ஆயில் அந்த வட்டுக்குள் விழும், சுழலும் வேகத்தில் அழுக்கு விளிம்புக்கு ஒதுங்கும், தெளிந்த ஆயில், கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்தில் இருக்கிற பிக்எண்ட் ரோலர் பேரிங்குக்குப் போகும். வருஷக்கணக்கில் அந்த விளிம்பில் அழுக்கு மெழுகு மாதிரி இறுகி, கடைசியில் ஆயில் போகும் துளையையே அடைத்துவிடும். அப்புறம் பேரிங் காய்ந்து ஓடும். அதற்கு முன்னால் எந்தச் சத்தமும் கொடுக்காமல் போகலாம், அதுதான் பயம். கம்ப்ரெஷன் நன்றாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வடிக்கிற ஆயில் தெளிவாக இருந்தாலும் நம்பாதீர்கள், அழுக்கு இருப்பது அடியில் ஆயில் தேங்கும் சம்பில் இல்லை.

50,000 கி.மீ. சுற்றில் கிராங்க்கை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வண்டிக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்கள் என்று பில் காட்டினால் ஒழிய, செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் அழுத்திப் பூட்டியது, பிரிக்கவும் சேர்க்கவும் பிரஸ்ஸும் சரியான ஜிக்கும் வேண்டும், ஆகவே அந்த ஒரு வேலையை மட்டும் இந்த எஞ்சினையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். 1969-இல் வந்த பிஎம்டபிள்யூவின் அடுத்த வரிசையான /5-இல் உருளை இல்லாத ப்ளெயின் பேரிங்கும் ஃபில்டரும் வந்து இந்தத் தொல்லையே போய்விட்டது, ஆனால் அந்த வண்டிக்காரர்கள் சொல்வதை உங்கள் /2 வரிசை வண்டிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பழையகருப்பு:
எஞ்சின் விஷயத்தில் மேலே சொன்னதுதான். பெயின்டைத் தொடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். அந்த வெள்ளைக் கோடுகள் தொழிற்சாலையில் ஒருவர் பிரஷ் பிடித்துக் கையால் இழுத்தவை. டேங்கைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், கோடு வளைவில் லேசாகத் தடிக்கும், பிரஷ்ஷை எடுத்து மறுபடி வைத்த இடம் கண்ணுக்குத் தெரியும். டேப் ஒட்டி அடித்த புதுக் கோட்டில் அது வராது. ஒருமுறை சுரண்டிவிட்டால் போனது போனதுதான். மிதமான பாலிஷ், மெழுகு, துரு பிடித்த இடத்தில் மட்டும் துருவை நிறுத்தும் வேலை, அவ்வளவு போதும். டேங்கின் உள் துருவை எடுங்கள், ஆனால் உள்ளே பூச்சு ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, பின்னால் உரிந்து பெட்ரோல் குழாயை அடைக்கும்.

ஹெல்லா இண்டிகேட்டரில் கண்ணாடி மூடியில் ஹெல்லா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், புதுசாகச் செய்த நகல்கள் நிறைய சுற்றுகின்றன. பகுசா ரப்பர் வெடித்திருந்தால் அவசரப்பட்டு நகல் வாங்க வேண்டாம், மான்ஹைமில் இலையுதிர் காலத்தில் நடக்கும் வெட்டராமா சந்தையில் தேடுங்கள், அங்கே கையில் எடுத்துத் தடவிப் பார்த்து வாங்கலாம். ஃப்ரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றா என்பதையும் பாருங்கள். அந்த எண்ணை அனுப்பினால் மியூனிக்கில் உள்ள பிஎம்டபிள்யூ ஆவணக் காப்பகத்தில் வண்டி எப்போது தயாரானது என்று கேட்டுப் பெறலாம்.

மூன்றுசக்கரம்:
சைடுகாரை விடாதீர்கள்! நியூரம்பெர்க் ஸ்டைப் இன்று எளிதில் கிடைப்பதில்லை. எஸ்500 மாடலா டிஆர்500 மாடலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், டிஆர்500-ஐ பிஎம்டபிள்யூவே தன் பெயரில் விற்றது. ஆனால் மாட்டினால் மட்டும் போதாது, பின் ஆக்ஸில் கியர் மாற வேண்டும், சைடுகார் இல்லாத சோலோ வண்டிக்கான பல்விகிதத்தில் சைடுகாரை இழுத்தால் கிளட்ச் பாவம். விகிதம் கியர் வீட்டின் மேலேயே அடித்திருக்கும். கியர் மாறினால் ஸ்பீடோமீட்டரும் பொருந்தாது, விடிஓ மீட்டர் முகப்பில் சின்னதாக டபிள்யூ போட்டு எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் தேட வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஏர்ல்ஸ் ஃபோர்க்கில் ஸ்விங்ஆர்மை, அதாவது சக்கரத்தோடு ஏறி இறங்கும் கையை, பொருத்த இரண்டு இடம் உண்டு, சைடுகாருக்கு உரிய இடத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஹேண்டில் திருப்பக் கை வலிக்கும்.

கொட்டில்பைக்:
எல்லோருக்கும் நன்றி. எண்கள் இரண்டும் ஒன்றே, பின் கியர் சோலோதான். கிராங்க் முதலில், பெயின்டை விட்டுவிடுகிறேன். இப்படி மங்கின பெயின்டோடு, ஜெர்மனியில் பழம்பெரும் வண்டிகளுக்குத் தருகிற ஹெச் நம்பர் பிளேட் கொடுப்பார்களா?

பழையகருப்பு:
30 வருஷம் தாண்டியது, அசல் நிலையில் இருக்கிறது, அப்புறம் என்ன. வயதால் மங்கினது குறை ஆகாது, பரிசோதகர் பார்ப்பது ஓட்டை விழுந்த துரு, பொருந்தாத பாகம், பிரேக், விளக்கு இவைதான். கிடைத்தால் மோட்டார் சைக்கிளுக்கு வருஷ வரி 46 யூரோ சொச்சம். கிராங்க் வெளியே வந்ததும் அந்த வட்டுகளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.