டோங்கா பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் எதையும் சொல்வதில்லை, என்ன செய்வது?

தெற்கு ஆக்லாந்து டீச்சர்:
மாங்கரே பக்கம் பள்ளியில் வேலை. வகுப்பில் டோங்கா (பசிபிக் தீவு நாடு) பிள்ளைகள் நிறைய. நண்பர்களோடு ஒரே கலகலப்பு, அப்பா பள்ளிக்கு வந்துவிட்டால் தலை குனிந்தபடி கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு பையன் சரியாகத் தூங்குவதில்லை, படிப்பும் இறங்குகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. "அப்பாவிடம் மனம் விட்டுப் பேசு" என்றேன், ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி பார்த்தான். அந்தக் குடும்பங்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

கடலோரம்:
அப்பாவிடம் நேரே அனுப்பாதீர்கள். பெரியவர் முன் வாயடக்கம்தான் அங்கே மரியாதை. பழைய முறைப்படி அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவி பார்ப்பதுகூடக் கிடையாது. ஆனால் வழி இருக்கிறது, நமக்குப் புரிகிற வழிதான்: அப்பாவோடு பிறந்த அத்தைக்குத்தான் குடும்பத்தில் உச்ச இடம், மெஹெகிடாங்கா என்பார்கள், அப்பாவே அவர் பேச்சைத் தட்டமாட்டார், பிள்ளை உரிமை எடுத்துக்கொண்டு பழகுவது தாய்மாமனிடம். பையன் மாமனிடம் சொல்லட்டும், அப்பாவுக்குப் போக வேண்டியதை அத்தை கொண்டுபோகட்டும்.

ராத்திரி ஷிஃப்ட்:
எல்லாவற்றையும் பண்பாட்டின் தலையில் கட்டாதீர்கள். அப்பா இரவு வேலை, அம்மா விடியுமுன் துப்புரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார், எல்லாரும் முகம் பார்ப்பதே ஞாயிறு சர்ச்சில் என்றால் எப்போது பேசுவது? ஊருக்கும் அனுப்ப வேண்டும் (வெளிநாட்டுப் பணம் டோங்கா பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்), வருடாந்திர சர்ச் காணிக்கையும் உண்டு. பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும், அதனாலேயே தங்கள் கவலையை மேலே ஏற்றமாட்டார்கள். பெரியவர்கள் மட்டும் என்ன, 1970களில் நியூசிலாந்து போலீஸ் விடியற்காலையில் கதவைத் தட்டி விசா கேட்ட கதையைப் பல வீடுகளில் வெட்கப்பட்டுச் சொன்னதே இல்லை. 2021 ஆகஸ்டில் அரசு மன்னிப்புக் கேட்டபோதுதான் சில பேரப்பிள்ளைகளுக்கே தெரிந்தது.

வெண்ணிலா:
மாமன், அத்தை எல்லாம் சரி, ஆனால் தூக்கம் கெட்ட பையனை அதுவரை காக்க வைக்காதீர்கள். நாளைக்கே பள்ளி கவுன்சிலரிடம் சொல்லுங்கள். 1737 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், மெசேஜும் அனுப்பலாம். அப்புறம், பெற்றோரை பத்து நிமிட மீட்டிங்குக்குக் கூப்பிட்டு மார்க் ஷீட்டை நீட்டாதீர்கள். அவர்கள் பேசும் முறை, தலனோவா என்பார்கள், உட்கார்ந்து ஊர், குடும்பம் விசாரித்து மெல்லத்தான் விஷயத்துக்கு வரும்.

தெற்கு ஆக்லாந்து டீச்சர்:
கவுன்சிலரிடம் காலையில் பேசுகிறேன். மாமா இங்கேதான், சர்ச் பேண்டில் வாசிக்கிறார். அத்தை சிட்னியில், அதுதான் இடிக்கிறது.

கடலோரம்:
வீடியோ கால் போதும். அத்தை போன் என்றால் அப்பா எடுத்துவிடுவார்.