பழைய பெட்ரோல் டிரக்கில் இழுவை இல்லை: கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

மேட்டுப்பாதை:
1999 மாடல் பிக்கப், வி8 பெட்ரோல் இன்ஜின். ஐட்லிங்கில் ஒரு குறையும் இல்லை, சமதளத்தில் மெதுவாகப் போனாலும் சரியாக ஓடுகிறது. மேட்டில் ஏற்றினாலோ 2500 ஆர்.பி.எம்.முக்கு மேல் மிதித்தாலோ பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது. பிக்கப் வண்டியில் பிக்கப் இல்லை என்று வீட்டில் கிண்டல் வேறு.

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் குறியீடு (கோடு), அதாவது முதல் பேங்க் (இன்ஜினின் இடது பக்கச் சிலிண்டர் வரிசை) கன்வெர்ட்டரின் திறன் குறைவு. எக்ஸாஸ்ட் புகையின் நச்சைக் குறைக்கிற பாகம்தான் இந்தக் கன்வெர்ட்டர். பட்டறையில் கோடைப் பார்த்த கையோடு "கன்வெர்ட்டர் போச்சு, மாத்திடலாம்" என்றார்கள். வேறு எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று: காலையில் முதல் ஸ்டார்ட்டில் இடது பக்கம் டிக் டிக் என்று சத்தம் வரும், சூடானதும் நின்றுவிடும்.

ஸ்பானர்_12:
மாற்றிவிடுங்கள். இத்தனை வருடம் ஓடிய வண்டி, கோடும் அதைத்தான் காட்டுகிறது, இழுவையும் இல்லை. இன்னும் என்ன சாட்சி வேண்டும்? சோதனை, சோதனை என்று பழைய எக்ஸாஸ்டில் கை வைத்தால் துருப்பிடித்த போல்ட் ஒவ்வொன்றாக உடையும். அதைத் துளை போட்டு எடுப்பதற்குள் உயிர் போய்விடும். நான் எத்தனையோ வண்டியில் பட்டது இது.

காலிக்குழாய்:
புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம். கழற்றி உள்ளே கம்பியை விட்டுக் குத்தி, புகை போகும் சின்னச் சின்னத் துளைகள் உள்ள தேன்கூட்டை எல்லாம் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை மாட்டுங்கள். வண்டி பறக்கும்.

அளந்து_பார்:
காலிக்குழாய் நண்பரே, அப்படிச் செய்தால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் விளக்கைத் திரும்ப எரிய வைக்கும், பல நாடுகளில் அது குற்றமும்கூட. கார்பன் மோனாக்சைடு மாற்றப்படாமல் நேராக வெளியே வரும். அதோடு இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மேட்டுப்பாதை, நீங்கள் சொல்வது ஒரு நோய் இல்லை, இரண்டு. பி0420 வருவது ஒன்று, இழுவை இல்லாதது இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்யக் கூடாது.

கம்ப்யூட்டர் அந்தக் கோடை எப்படிப் போடுகிறது என்று பாருங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஊஞ்சலாடும். கன்வெர்ட்டருக்குள் பூசியிருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பிடித்து வைத்துப் பிறகு வெளியே விடுவதால், பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால் 'பூச்சு தேய்ந்துவிட்டது' என்று கணக்குப் போட்டு பி0420 எழுதுகிறது. அவ்வளவுதான். உங்கள் வண்டியின் எக்ஸாஸ்டுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்க அதனிடம் எதுவுமே இல்லை. பூச்சு தேய்ந்த கன்வெர்ட்டர் பெரும்பாலும் புகையைத் தன் வழியாகத் தாராளமாகவே போக விடும், இழுவை குறையாது. அடைத்துக்கொண்டதுதான் மூச்சுத் திணற வைக்கும். உங்களுடையது அடைத்திருக்கிறதா என்று அந்தப் பட்டறையில் யாரும் பார்க்கவில்லையே?

ஸ்பானர்_12:
நல்ல பாடம். ஆனால் ஐயா, இரண்டுக்கும் மருந்து ஒன்றுதானே? தேய்ந்திருந்தாலும் மாற்ற வேண்டும், அடைத்திருந்தாலும் மாற்ற வேண்டும். சோதனை வேண்டுமென்றால் சுலபமான ஒன்று இருக்கிறது. இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் கன்வெர்ட்டரின் முன் முனையிலும் பின் முனையிலும் காட்டுங்கள். உள்ளே எரிப்பு நடந்தால் பின்பக்கம் கூடுதல் சூடாக இருக்கும். இல்லையென்றால் செத்துவிட்டது. இரண்டு நிமிட வேலை.

அளந்து_பார்:
கார்புரேட்டர் காலத்தில் அது சரியாக இருந்தது. அப்போது எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் ஏராளமாக வந்தன, கன்வெர்ட்டருக்குத் தீனி கிடைத்தது. இன்ஜெக்ஷன் வண்டி ஒழுங்காக எரித்தால் கன்வெர்ட்டருக்கு எரிக்க மிச்சம் கொஞ்சம்தான். நல்ல கன்வெர்ட்டரிலேயே இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே சூடு காட்டும். போதாததற்குப் பளபளப்பான ஸ்டீல் மேல் அந்தக் கருவி தாறுமாறாகக் குறைத்துக் காட்டும். துரு பிடித்த இடத்தில் ஒரு எண், பக்கத்திலேயே மின்னும் இடத்தில் இன்னொரு எண். அதை நம்பி ஒரு பாகத்தைக் குப்பையில் போடுவீர்களா?

மருந்து ஒன்றுதான் என்பதும் தவறு. கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். ஏதாவது ஒன்று அதைக் கொல்லும். கொன்றது உள்ளேயே இருந்தால் புதிதாகப் போடுவதும் சாகும்.

மேட்டுப்பாதை, முன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அழுத்தமானியைத் திருகுங்கள். ஐட்லிங்கில் 1.5 பி.எஸ்.ஐ.க்குள், 2500-இல் 3-க்குள் இருக்க வேண்டும். இரண்டு பேங்கிலும் அளந்து ஒப்பிடுங்கள். வெட்டவெளியில் வைத்துச் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம். கழற்றுவதற்கு முன்னால் ஸ்கேனரில் இரண்டு பேங்கின் ஃபியூவல் ட்ரிம்மையும் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) குறித்துக்கொள்ளுங்கள்.

தூசிப்படலம்:
சென்சார் கழல மாட்டேன் என்று அடம்பிடித்தால் வேக்கம் கேஜ் (வெற்றிடத்தை அளக்கும் கருவி) போதுமே? இன்ஜின் காற்றை உறிஞ்சும் இன்டேக்கில் மாட்டுங்கள். ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். 2500-இல் பிடித்து நிறுத்தினால் முள் அதே அளவுக்குத் திரும்பி வந்து நிலைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ அடைப்பு. எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லாது.

அப்புறம், அந்த டிக் டிக் சத்தம் மேனிஃபோல்ட் ஸ்டட் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதியை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்) உடைந்ததால் இருக்கும். குளிரில் இடைவெளி, சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும். அந்தச் சந்து வழியாகக் காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும். கோடே அதனால்தான் வந்திருக்கலாம். கன்வெர்ட்டர் பாவம்!

மேட்டுப்பாதை:
இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஸ்பானர்_12 சொன்னபடி ஒரு சென்சார் கழல்வதற்குள் உயிர் போய்விட்டது. வண்டியைச் சூடாக்கி, துரு எண்ணெய் விட்டு, மறுபடி சூடாக்கித்தான் எடுத்தேன்.

அழுத்தம்: முதல் பேங்க் ஐட்லிங்கில் 2, 2500-இல் 6 பி.எஸ்.ஐ. இரண்டாவது பேங்க் 2500-இல் ஒன்றுக்கும் குறைவு. ட்ரிம்: முதல் பேங்க் மைனஸ் 9, இரண்டாவது பிளஸ் 11. இடது பக்கம் கடைசி ஸ்டட் உண்மையிலேயே தலை இல்லாமல் நிற்கிறது, சுற்றிலும் கரி.

ஸ்பானர்_12:
அடைப்பு! முதல் நாளே சொன்னேன். இரண்டு நாளும் ஒரு சென்சாரும் மிச்சமாகியிருக்கும்.

அளந்து_பார்:
சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன். குருட்டாம்போக்கில் சொன்னதும் சில நேரம் பலிக்கும்.

தூசிப்படலத்துக்கு: காற்றுப் புகுந்திருந்தால் கம்ப்யூட்டர் 'பெட்ரோல் போதவில்லை' என்று நினைத்து முதல் பேங்கில் ட்ரிம்மைக் கூட்டியிருக்கும். இங்கே குறைத்திருக்கிறது. காற்றளக்கும் சென்சார் இரண்டு பேங்குக்கும் பொதுவாக ஒன்றுதான். முதல் பேங்க் வெளிமூச்சு விட முடியாததால் உள்மூச்சும் குறைகிறது, மிச்சக் காற்று அடுத்த பேங்குக்குப் போகிறது. பெட்ரோலோ இரண்டுக்கும் சமமாகவே கணக்கிடப்படுகிறது. அதனால் ஒன்றில் அதிகமாகி மைனஸ், மற்றதில் குறைவாகி பிளஸ். உள்ளே அழுத்தம் இருப்பதால் ஸ்டட் சந்தில் புகை வெளியே தள்ளப்படுகிறதே தவிரக் காற்று உள்ளே வர வழியில்லை. ஸ்டட்டைச் சரிசெய்யுங்கள், ஆனால் குற்றவாளி அது இல்லை.

இப்போது என் கேள்வி: அந்தப் பக்கம் எப்போதாவது மிஸ்ஸிங் (மிஸ்ஃபயர், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருந்ததா? செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னியதா?

மேட்டுப்பாதை:
சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மழைக்காலத்தில் மின்னியது. மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன், தானாக நின்றுவிட்டது. இப்போது பழைய கோடுகளைப் பார்த்தால் பி0307, ஏழாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். ஏழாவது இருப்பதும் முதல் பேங்கில்தான். இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். அந்தப் பக்கத்துக் கன்வெர்ட்டர் இரண்டு வருடத்துக்கு முன் மாற்றியதுதான்.

அளந்து_பார்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். விளக்கு நிலையாக எரிந்தால் 'நேரம் கிடைக்கும்போது பார்' என்று அர்த்தம். மின்னினால் 'இப்போதே மிதிப்பதை விடு, கன்வெர்ட்டர் வேகிறது' என்று அர்த்தம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். தேன்கூடு உருகுகிற அளவுக்குச் சூடேறும்.

ஸ்பானர்_12:
அவசரப்படாதீர்கள். மலிவான மாற்றுக் கன்வெர்ட்டர்களில் பிளாட்டினமும் பலேடியமும் பேருக்குத்தான் பூசியிருக்கும். மிஸ்ஸிங்கே இல்லாமல் இரண்டு வருடத்தில் பல்லிளித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அளந்து_பார்:
அது பி0420-க்குக் காரணமாகலாம். 6 பி.எஸ்.ஐ.க்குக் காரணமாகாது. வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணறைகள் முழுசாக இருந்து பூச்சு மட்டும் போயிருந்தால் நீங்கள் சொன்னது. சாம்பல் படிந்து மூடியிருந்தால் இன்ஜின் ஆயிலோ கூலன்ட்டோ குடிக்கிறது. கண்ணாடி மாதிரி உருகிக் கட்டியாகியிருந்தால் ஏழாவது சிலிண்டர்.

ஸ்பானர்_12:
வெட்டுங்கள். ஆனால் ஒன்று: வெட்டிவிட்டுப் பின்னால் உள்ள சைலன்சரை மறந்துவிடாதீர்கள். உடைந்த தேன்கூட்டுத் துண்டுகள் புகையோடு போய் அங்கே உட்காரும். புதுக் கன்வெர்ட்டர் போட்டும் இழுவை வரவில்லை என்று ஒருவர் மூன்று பட்டறை ஏறி இறங்கினார், கடைசியில் அடைப்பு சைலன்சருக்குள் இருந்தது. இதை எந்த ஸ்கேனரும் சொல்லாது, அளந்து_பார் அவர்களே.

அளந்து_பார்:
உண்மை. அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மேட்டுப்பாதை:
வெட்டியாயிற்று. முன் முகத்தில் பாதி உருகி வழிந்து, உடைந்த பாட்டில் அடி மாதிரி இருக்கிறது. மீதிப் பாதியில் ஒரு பெரிய துண்டையே காணோம். ஏழாவது சிலிண்டரின் பிளக்குக்குப் பொறி தரும் காயிலில் மயிரிழை அளவு விரிசல், ஈரம் பட்டால் பொறி வெளியே தாவுகிறது. காயிலையும் எட்டு பிளக்கையும் முதலில் மாற்றுகிறேன், ஸ்டட் அதற்கப்புறம், கன்வெர்ட்டர் கடைசியில்.

சைலன்சரை இப்போதுதான் ரப்பர் சுத்தியலால் தட்டினேன். கிலுகிலுப்பை மாதிரி சத்தம். ஸ்பானர்_12, துருப்பிடித்த அந்தப் பின் கிளாம்பைக் கழற்ற வழி இருந்தால் சொல்லுங்கள், இன்னும் மூன்று போல்ட் பாக்கி இருக்கிறது.