உப்புநீரில் தாக்குப்பிடிக்கும் ஸ்பின்னிங் ரீல்: நாலாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

கழிமுகத்தான் (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினத்துக்கு அருகே கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்திலும், சில ஞாயிற்றுக்கிழமைகளில் தாழங்குடாவில் தென்பெண்ணையின் முகத்துவாரத்திலும் தூண்டில் போடுபவன் நான். உயிர் இறாலைக் கோத்து, ஈயக்குண்டு கட்டிப் போடுவதுதான் இதுவரை பழக்கம். கிழங்கானும் கெளுத்தியும் வழக்கமாகக் கிடைக்கும், எப்போதாவது ஒரு கிலோவுக்கு உட்பட்ட கொடுவா வரும். இந்த ஆண்டு லூர் (செயற்கை இரை) எறிந்து கொடுவாவும் பாறை மீனும் பிடிக்கப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என்னிடம் இருக்கும் ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி), ராடுடன் (தூண்டில் கோலுடன்) சேர்த்து ஒரே பெட்டியில் விற்கப்பட்டது. அதன் கைப்பிடி இப்போது கரகரவென்று சுற்றுகிறது, பெயில் கம்பி (தங்கூஸ் என்ற நைலான் நரம்பைப் பிடித்துச் சுற்றும் வளைந்த கம்பி) பாதியில் நின்றுவிடுகிறது. டிராக்கை (மீன் இழுத்தால் தங்கூஸை விட்டுக்கொடுக்கும் உராய்வுப் பிடியை) எவ்வளவு தளர்த்தி வைத்தாலும், மீன் இழுக்கும்போது முதலில் இறுகி நின்று, பிறகு திடீரென்று விடுகிறது. சென்ற மாதம் கரையோரம் வரை வந்துவிட்ட நல்ல கொடுவா ஒன்று அப்படி இறுகிய நொடியில்தான் தங்கூஸை அறுத்துக்கொண்டு போனது. ராடில் குறை ஒன்றும் இல்லை. எட்டு அடி நீளம், 10 முதல் 30 கிராம் வரை எறியலாம். ஆகவே ரீலை மட்டும் மாற்ற நாலாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

கடைக்காரர் ஒருவர் 13 பேரிங் உள்ள ஒரு ரீலைக் காட்டி, பெயர்பெற்ற நிறுவனங்களின் ரீல்களில் மூன்று நான்கு பேரிங்தான் இருக்கும் என்றும், இது அவற்றைவிட விலையும் குறைவு என்றும் சொல்கிறார். இதை நம்பலாமா? என் ராடுக்கு எந்த அளவு ரீல் பொருந்தும்? உலோக உடல் கட்டாயம் வேண்டுமா? உப்புநீரில் ரீல் வைத்துப் புழங்கியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பல்சக்கரம் (சென்னை):

வணக்கம் தம்பி. ரீல்களைக் கழற்றிப் பழுதுபார்ப்பதைப் பகுதிநேர வேலையாகச் செய்து வருகிறேன். முட்டுக்காடு, எண்ணூர், பழவேற்காடு பக்கம் தூண்டில் போடுபவர்களின் ரீல்கள் என் மேசைக்கு வருவதால், பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, உப்புநீரில் முதலில் எது கெடுகிறது என்பதை வைத்துச் சொல்கிறேன்.

பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்பின்னிங் ரீலில் பேரிங்குக்கு உண்மையான வேலை இருக்கும் இடங்கள் சிலவே: பெரிய பல்சக்கரத்தின் இரு பக்கங்கள், அதோடு சேரும் சிறிய பினியன் சக்கரத்தைத் தாங்கும் இடம், அதற்குப் பிறகு லைன் ரோலர். இந்த இடங்களில் மூடியிட்ட, தரமான பேரிங் இருந்தால் போதும். விலை குறைந்த ரீலில் 13 என்று போட்டிருந்தால், மலிவான எஃகு பேரிங்குகளைக் கைப்பிடிக் குமிழ் போன்ற இடங்களில் எண்ணிக்கைக்காகச் செருகியிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள். அவை புதிதில் வழுவழுவென்று சுற்றும், உப்பு ஏறியதும் ஒவ்வொன்றாகத் துருப்பிடிக்கும். "3+1" என்று எழுதியிருப்பதில் அந்தக் கடைசி ஒன்று, கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் பிடிக்கும் உருளை பேரிங். அது மட்டும் இல்லாமல் வாங்க வேண்டாம். அது இல்லாத ரீலில் மீனைக் கொத்தி இழுக்கும்போது கைப்பிடி கொஞ்சம் பின்வாங்கிய பிறகுதான் நிற்கும்.

உங்கள் கொடுவா போனதற்குக் காரணம் டிராக் தான், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கூஸ் சுற்றியிருக்கும் ஸ்பூலின் மேல்மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே வட்டத் தகடுகள் அடுக்காக இருக்கும். உலோகத் தகடுகளுக்கு நடுவே ஃபெல்ட் அல்லது கார்பன் வளையங்கள் உராய்வைத் தருகின்றன. மலிவு ரீல்களில் அந்த வளையங்கள் மெலிதாகவும் சமமில்லாமலும் இருப்பதால், நின்றிருக்கும் ஸ்பூல் நகரத் தொடங்குவதற்குத் தேவையான இழுப்பு, நகர்ந்த பிறகு தேவைப்படுவதைவிட மிக அதிகமாக இருக்கிறது. தங்கூஸ் அறுபடுவது அந்தத் தொடக்க நொடியில்தான். அதனால் "அதிகபட்ச டிராக் 10 கிலோ" என்ற எண்ணால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. தங்கூஸின் அறுபடும் பலத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக்கை வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஆறு கிலோ தாங்கும் தங்கூஸ் போட்டால் இரண்டு கிலோவுக்கு மேல் நீங்கள் இறுக்கப் போவதே இல்லை. அந்த இரண்டு கிலோவுக்குள் ஸ்பூல் தடங்கலின்றி நழுவித் தருகிறதா என்பதே கேள்வி.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஸ்பூலில் சிறிது தங்கூஸைச் சுற்றி, டிராக்கைப் பாதி இறுக்கி, கையால் மிக மெதுவாக இழுங்கள். ஸ்பூல் விட்டு விட்டுத் துள்ளாமல் ஒரே சீராக நகர வேண்டும். அடுத்ததாக லைன் ரோலர். பெயில் கம்பியின் முனையில், தங்கூஸ் திரும்பிச் செல்லும் சிறிய உருளைதான் அது. தங்கூஸை அதன் மேல் போட்டு இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் உருளை சுழல வேண்டும். தங்கூஸ் மட்டும் அதன் மேல் வழுக்கிச் சென்றால் ரீலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுழலாத உருளையில் பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நூல்) ஓடினால் மெல்லிய வரி விழும், பிறகு அந்த வரியே பிரெய்டை அறுக்கும். பழுதுக்கு வரும் ரீல்களில் இப்படி வரி விழுந்த உருளைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். பெரும்பாலானவை உப்பு இறுகி நின்றுபோனவை.

அளவைப் பொறுத்தவரை, எட்டு அடி, 30 கிராம் ராடுக்கு 4000 என்ற அளவு எண் உள்ள ரீல் பொருத்தம், 3000 கூடப் போதும். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண்கள் சற்று மாறுவதால், ஸ்பூலில் எவ்வளவு கொள்ளும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள், 0.30 மி.மீ. தங்கூஸ் 180 மீட்டர் அளவில் கொண்டால் முகத்துவாரத்துக்குக் குறைவில்லை. பல்சக்கர விகிதம் 5:1 சுற்றி இருப்பதையே எடுங்கள். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால், பெயிலைத் தாங்கி ஸ்பூலைச் சுற்றி வரும் ரோட்டர் ஐந்து முறை சுற்றும் என்பது அதன் பொருள். கொடுவாவுக்கு லூரை நிதானமாக இழுக்க இது ஏற்றது, சக்கரப் பற்களுக்கும் பாரம் குறைவு.

உங்கள் தொகைக்குள் என்றால் என் முதல் தேர்வு ஷிமானோ சியென்னா 4000. பேரிங் குறைவு, உடல் கிராஃபைட் (கார்பன் கலந்த பிளாஸ்டிக்), ஆனால் டிராக் சீரானது, பல்சக்கரங்கள் நம்பத்தக்கவை. டைவா கிராஸ்ஃபயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஷிமானோ எஃப்எக்ஸ் இன்னும் விலை குறைவு. வீராணம் போன்ற ஏரிகளில் விராலுக்கும் ஜிலேபிக்கும் தாராளமாகப் போதும், உப்புநீருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். விலை அடிக்கடி மாறுகிறது என்பதால் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தூண்டில் வளைவு (கன்னியாகுமரி மாவட்டம்):

பல்சக்கரம் அண்ணன் டிராக்கைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கிராஃபைட் உடலைப் பற்றி மட்டும் நான் சற்று மாறுபடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுகளின் முனையில் நின்றுதான் எறிகிறோம். அங்கே பாறை கடித்தால் நேராகக் கற்களுக்கு இடையே ஓடும். இரண்டு கிலோ டிராக்கில் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தால் கல்லில் உரசி எல்லாம் போய்விடும் என்பதால், இறுக்கிப் பிடித்து நிறுத்தியே ஆக வேண்டும். அப்போது கிராஃபைட் உடல் லேசாக நெளிவதைக் கையால் உணரலாம், கைப்பிடி கனத்துவிடும். உடல் நெளிந்தால் பெரிய சக்கரமும் பினியனும் சேரும் கோணம் மாறி, பற்கள் ஓரமாகத் தேயத் தொடங்கும். அலுமினிய உடலில் இது நடக்காது. எனவே கல் வளைவுகளிலும் நீங்கள் நிற்கப் போகிறீர்கள் என்றால், சில மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து டைவா பிஜி அல்லது பென் பேட்டில் வாங்குவது நல்லது. பேட்டிலின் உடல் முழுதும் உலோகம், டிராக்கில் ஹெச்டி-100 என்று அந்த நிறுவனம் பெயரிட்டிருக்கும் கார்பன் வளையங்கள் இருக்கின்றன, உங்கள் தொகையைப் போல இரு மடங்குக்கு மேல் ஆகும்.

அதே சமயம், உலோகம் என்றால் துருவே பிடிக்காது என்று எண்ண வேண்டாம். மேற்பூச்சு கல்லில் உரசிக் கீறிய இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். கிராஃபைட்டுக்கு அந்தக் கவலை இல்லை. மணல் பாங்கான கெடிலம் முகத்துவாரத்தில் மட்டும் நின்று, இரண்டு மூன்று கிலோ மீன் பிடிப்பதுதான் நோக்கம் என்றால், அண்ணன் சொன்ன சியென்னாவையே வாங்குங்கள்.

சுரபுன்னை (சிதம்பரம்):

ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். வாங்கும் முன், பெயில் சுருள்வில், கைப்பிடி, லைன் ரோலர் ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஐம்பது நூறு ரூபாய்ச் சுருள்வில் கிடைக்காமல் முழு ரீலையும் தூக்கிப்போட்டவர்களைப் பிச்சாவரம் கழிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத ரீல்களுக்கு உதிரிபாகம் என்ற பேச்சே இல்லை.

இணையத்தில் வாங்கினால் போலிகளில் எச்சரிக்கையாக இருங்கள். பெயரில் ஓர் எழுத்தை மாற்றியோ, அதே பெயரை ஒட்டியோ விற்கிறார்கள். வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைத்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். கைக்கு வந்ததும் ரோட்டரை வேகமாகச் சுற்றிப் பாருங்கள். சமநிலை இல்லாத ரீல் கையில் அதிரும். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

கழிமுகத்தான் (கடலூர்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தூண்டில் வளைவுப் பக்கம் நான் போவதில்லை என்பதால், சியென்னா 4000 என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். உப்புநீரில் பயன்படுத்திய பிறகு ரீலைக் கழுவுவது எப்படி? வீட்டில் எல்லோரும் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார்கள். மேலும், லூர் எறியப் பிரெய்டு நல்லது என்கிறார்கள். அதைச் சுற்றுவதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பல்சக்கரம் (சென்னை):

தம்பி, வீட்டுக்கு வந்த உடனே, உப்பு காய்வதற்குள், முதலில் டிராக்கை நன்றாக இறுக்குங்கள். அப்படி இறுக்கினால் தண்ணீர் வளையங்களுக்குள் இறங்காது. பிறகு நல்ல தண்ணீரை மெல்லிய தூறலாக ரீலின் மேல் ஓடவிட்டு, கைப்பிடியைச் சுற்றியபடியே கழுவுங்கள். பீய்ச்சி அடிக்கவும் கூடாது, வாளியில் முக்கவும் கூடாது. இரண்டுமே உப்பைப் பல்சக்கரப் பெட்டிக்குள் தள்ளிவிடும். துணியால் துடைத்து, டிராக்கை முழுதும் தளர்த்தி, நிழலில் காய வையுங்கள். டிராக்கை இறுக்கியபடியே அலமாரியில் வைத்தால் ஃபெல்ட் வளையங்கள் நசுங்கிப்போய், அடுத்த முறை உங்கள் பழைய ரீலைப் போலவே இறுகி நின்று விடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், நாளடைவில் பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரீல் எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் இயந்திர எண்ணெய் விடலாம்: லைன் ரோலரில் ஒரு சொட்டு, பெயில் கம்பி மடங்கும் இரு மூட்டுகளிலும் ஒவ்வொரு சொட்டு, கைப்பிடிக் குமிழில் ஒரு சொட்டு. அதற்கு மேல் வேண்டியதில்லை. டிராக் வளையங்களில் எண்ணெய் படவே கூடாது. துருநீக்கி ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். பற்களில் தடவியிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். உள்ளே கிரீஸ் மாற்றுவதை ஆண்டுக்கு ஒருமுறை, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

பிரெய்டு கொடுவாவுக்கு நல்லதுதான். அதே பலமுள்ள தங்கூஸைவிட மிக மெல்லியது என்பதால் தூரமாகப் போகும், நீளாது என்பதால் மீன் தொட்டதும் கையில் தெரியும். ஆனால் வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு அதை இறுக்கிக்கொண்டே போவீர்கள். ஆகையால் முதலில் சில மீட்டர் தங்கூஸைச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டை முடியுங்கள். சுற்றும்போது யாராவது ஒருவர் ஈரத்துணியால் பிரெய்டைப் பிடித்து இறுக்கம் கொடுக்க வேண்டும். தளர்ச்சியாகச் சுற்றினால் எறியும்போது கொத்தாக வெளியே வந்து முடிச்சு விழும். ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். எறிந்த பிறகு பெயிலைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையால் மூடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் முறுக்கும் குறையும், சுருள்வில்லும் நீடிக்கும்.

கொடுவாவின் செவுள் மூடி கத்தி போலக் கூரியது, வாயும் சொரசொரப்பு. பிரெய்டின் முனையில் 0.50 முதல் 0.60 மி.மீ. வரை தடிமனுள்ள தங்கூஸை ஒரு மீட்டர் அளவுக்குக் கட்டி, அதன் முனையில் லூரைக் கட்டுங்கள்.