கேட் தாழ்ப்பாள் சாயங்காலம் மட்டும் பூட்ட மாட்டேங்குது, அவசரம்

வாசற்படி_27
வணக்கம். முற்றத்து கேட்டுக்குப் பூட்டு போடுற மாதிரி ஒரு தாழ்ப்பாள் வாங்கி நேத்து நானே மாட்டினேன். காலையில நல்லா பூட்டுது, சாயங்காலம் கம்பி ஓட்டைக்குள்ள போகவே மாட்டேங்குது. தப்பான தாழ்ப்பாள் வாங்கிட்டேனா? எது நல்லதுன்னு சொன்னா மாத்திடுவேன். ராத்திரிக்குள்ள முடிக்கணும்.

மரத்தூள்
மர கேட்டா இரும்பு கேட்டா? ஒத்தைக் கதவா ரெட்டையா?

சும்மா_எட்டிப்பார்த்தேன்
தாழ்ப்பாள்னா எது? கம்பியைப் படுக்கையா நகர்த்துற ஆல்ட்ராப்பா, கொண்டியை மடக்கி நாதாங்கியில மாட்டுறதா, கதவைத் தள்ளினா தானா விழுந்து பிடிச்சுக்கிறதா? ஒரு படம் போடுங்களேன்.

பழைய_திருப்புளி (மூத்த உறுப்பினர்)
வழக்கம்போல அளவு இல்லாத கேள்வி. கேட் எதுல செஞ்சது, தூணுக்கும் கேட்டுக்கும் இடைவெளி எவ்வளவு, கம்பி ஓட்டைக்கு மேல நிக்குதா கீழ நிக்குதா, எத்தனை மி.மீ. இந்த நாலும் இல்லாம பதில் சொல்றவங்களும் தப்பு பண்றாங்க. இதை நான் எத்தனை இழையில எழுதியாச்சு!

வெயில்_கணக்கு
காலையில பூட்டுது, சாயங்காலம் பூட்டலன்னா இதுல யோசிக்க என்ன இருக்கு? பகல் முழுக்க வெயில்ல காய்ஞ்சு இரும்பு விரிஞ்சிருக்கும். ஓட்டையைக் கொஞ்சம் ராவிப் பெருசாக்குங்க, முடிஞ்சது.

மரத்தூள்
இரும்புன்னு அவர் சொல்லவே இல்லையே. மர கேட்டா இருந்தா கதையே வேற. மரம் ஈரத்துல அகலவாக்குல ஊதும், நீளவாக்குல அவ்வளவா மாறாது. பலகையை நிறுத்தி அடிச்ச கேட்னா மழைக்காலத்துல தூணை இடிக்கும்.

வாசற்படி_27
இரும்பு கேட். சதுர பைப். தூண் செங்கல். ஆல்ட்ராப் தான்.

பழைய_திருப்புளி
நாலு கேட்டேன், ஒண்ணு வந்திருக்கு. முன்னேற்றம்.

பட்டறைக்_கரி
அண்ணா, வெயில்னு சொன்னவருக்கு ஒரு சின்ன கணக்கு. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. விரியும். கேட் 1.2 மீட்டர் அகலம், சூடு 20 டிகிரி கூடுதுன்னு வைங்க. 0.29 மி.மீ. தான் வருது. இதுக்காகவா கம்பி போகாம நிக்கும்? அதுவும் கேட் விரிஞ்சா தூண் பக்கம் போகும், கீழ இறங்காது.

வெயில்_கணக்கு
ஏட்டுக் கணக்கு. என் வீட்டு கேட் சித்திரை வெயில்ல இறுகுறதை நான் கண்ணால பாக்குறேன்.

பட்டறைக்_கரி
இறுகட்டும். இடைவெளியே விடாம மாட்டியிருப்பாங்க. அது உங்க கேட்டோட பிரச்சினை.

வெயில்_கணக்கு
வெல்டிங் பண்றவங்க எல்லாருக்கும் இந்தத் திமிர் உண்டு.

சும்மா_எட்டிப்பார்த்தேன்
கேட்டவர் எங்க போனார்னு யாராவது பாருங்கப்பா. 27, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கேட்டைக் கையால தூக்கிப் பிடிச்சா கம்பி உள்ள போகுதா?

வாசற்படி_27
ஆமா, தூக்கினா போகுது. எல்லா கேட்டும் அப்படித்தானே? காலையில நான் பூட்டுவேன், லேசா தூக்கித்தான் பூட்டுவேன். சாயங்காலம் பையன் பூட்டுறான், அவனுக்கு வர மாட்டேங்குது.

பட்டறைக்_கரி
🙏 இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். தாழ்ப்பாள் மேல ஒரு குத்தமும் இல்லை. கேட் தொங்கிருச்சு. பூட்டுற பக்கத்து நுனியைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே மேல் கீலைப் பாருங்க. குடுமி (கீல் சுழலுற முளை) தேய்ஞ்சிருக்கும், இல்லேன்னா சுவத்துல பதிச்ச பட்டை ஆடும். கேட் பாரம் மேல் கீலைத்தான் சுவத்துலேர்ந்து வெளிய இழுக்கும், அதனால அதுதான் முதல்ல விடும்.

பட்டை ஆடினா சுத்தியிருக்கிற பழைய காரையைக் கொத்தி எடுத்து, தூசி போக ஊதி, நனைச்சு, புது சிமெண்ட் கலவையை இறுக்கி அடைங்க. கேட்டுக்கு அடியில கட்டை முட்டுக் கொடுத்து சரியான உயரத்துல நிறுத்தி நாலஞ்சு நாள் தொடாதீங்க. அவசரப்பட்டு மறுநாளே திறந்தா திரும்பவும் தொங்கும். அதுவரைக்கும் சங்கிலியும் பூட்டும் போட்டுக்கங்க.

மரத்தூள்
கேட்டே ஒரு பக்கமா சாய்ஞ்சு கோணியிருந்தா கீலைச் சரி பண்ணிப் பிரயோஜனமில்லை. மூலைக்கு மூலை அளந்து பாருங்க, ரெண்டும் ஒரே அளவா இருக்கணும். இல்லேன்னா குறுக்குச் சட்டம் வேணும். மர கேட்டுக்கு அது கீழ் கீல்லேர்ந்து கிளம்பிப் பூட்டுற பக்கத்து மேல் மூலைக்குப் போகணும். பல பேர் தலைகீழா அடிச்சு வச்சிருக்காங்க.

பழைய_திருப்புளி
ஆக தாழ்ப்பாள் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. நான் சொல்றேன். ஆல்ட்ராப்புக்கு நேர்க்கோடு தவறக் கூடாது. ஆடுற கேட்டுக்கு நீள ஓட்டை உள்ள கொண்டியும் நாதாங்கியும்தான் பொறுத்துப் போகும். எதைப் போட்டாலும் சதுர பைப்ல தானா மரை வெட்டுற ஸ்குரூ போடாதீங்க. பைப் தகடு ஒன்றரை ரெண்டு மி.மீ. தான், ரெண்டு மரை கூட முழுசா பிடிக்காது. குறுக்கே முழுசா துளைச்சு, வெளிப்பக்கம் வழவழன்னு குமிழ்த் தலை போல்ட், உள்பக்கம் வாஷரும் நட்டும். திருப்புளி வச்சிருக்கிறவன் எவனும் வெளிய நின்னு கழட்ட முடியாது. பூட்டு வளையம் ஓட்டைக்குள்ள லொடலொடன்னு ஆடக் கூடாது.

சும்மா_எட்டிப்பார்த்தேன்
பேருக்கேத்த பதில். கோபத்தைக் கழிச்சுட்டுப் பார்த்தா நல்ல பதிலும்கூட.

துரு_எதிரி
பூட்டுக்கு எண்ணெய் விடாதீங்க, தூசி ஒட்டி சாவி சிக்கும். கிராஃபைட் பொடி போடுங்க.

வெயில்_கணக்கு
இருபது வருஷமா தேங்காய் எண்ணெய் தான் விடுறேன். ஒரு பூட்டும் சிக்கலை.

துரு_எதிரி
குளிர்ல தேங்காய் எண்ணெய் உறையும் சார்.

வெயில்_கணக்கு
கிராஃபைட் கையெல்லாம் கரி.

பட்டறைக்_கரி
எண்ணெய்ச் சண்டைக்குத் தனி இழை போடுங்க. 27, இன்னொண்ணு. உங்க கீல் குடுமி ரெண்டும் மேல பார்த்து இருந்தா, எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும் ஒருத்தன் கேட்டைக் கீல்லேர்ந்து அப்படியே தூக்கிக் கழட்டிடலாம். எப்படியும் மேல் கீலைக் கொத்தப் போறீங்க, அதோட குடுமியைக் கீழ பார்த்து வச்சுடுங்க. அப்புறம் தூக்க முடியாது. முடியலேன்னா மேல் குடுமி நுனியில ஒரு வாஷரை வச்சு வெல்டிங் பண்ணிடலாம். பண்றப்ப நாகமுலாம் (துருவைத் தடுக்குற துத்தநாகப் பூச்சு) பூசின இடத்தைத் தேய்ச்சு எடுத்துடுங்க, அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

மரத்தூள்
உள்ளேர்ந்தும் பூட்டு எட்டுதான்னு பாருங்க. ஆத்திரம் அவசரம்னா சாவியோட சுவர் ஏற முடியாது.

(ஒன்பது நாள் கழித்து)

வாசற்படி_27
மேல் பட்டை தான் ஆடுச்சு. சிமெண்ட் வச்சு ஆறு நாள் முட்டுக் கொடுத்தேன். இப்ப பையனே ஒத்தை விரல்ல பூட்டுறான். ஆனா முதல் நாளே ஓட்டையை ராவிட்டேன், அதனால கம்பி கடகடன்னு ஆடுது. எல்லாருக்கும் நன்றி.

பழைய_திருப்புளி
ராவச் சொன்னது யார்னு மேல போய்ப் பாத்துக்கங்க.

பட்டறைக்_கரி
அந்த ஓட்டை மேல சரியான அளவுல துளை போட்ட ஒரு தகட்டை வச்சு போல்ட் பண்ணுங்க, போதும். குடுமியைத் திருப்பினீங்களா?

பட்டறைக்_கரி
27?